கேம்ப் குளியலறை: தண்ணீர் எங்கே தங்கக் கூடாது, எங்கே தங்க வேண்டும்

மலையில் டெண்ட் போட்டுத் தங்கும் இடங்களில் படுக்கை ஆளுக்கொன்று, தட்டு ஆளுக்கொன்று. குளியலறை மட்டும் எல்லோருக்கும் பொது. ஏலகிரியோ ஏற்காடோ கொடைக்கானல் பக்கமோ, முப்பது பேர் தங்கும் கேம்ப்பில் மூன்று குளியலறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே ஏழு மணிக்குத் தொடங்கிய வரிசை முடிய எட்டு நாற்பது ஆகிவிடும். அதுவரை தரை ஒரு நிமிடம்கூட உலராது. பத்துப் பேரின் சோப்பு நுரை, உதிர்ந்த முடி, தலையில் வைத்த எண்ணெய், செருப்பில் ஒட்டி வந்த செம்மண் எல்லாம் அதே நாலடிக்கு நாலடித் தரையில்தான்.

வீட்டுக் குளியலறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இந்த உலராத நேரம்தான். வழுக்கி விழுவது, சேற்றுப்புண், சாக்கடை நாற்றம், கொசு, குழாய்க்குள் வளரும் கிருமி என்று பொதுக் குளியலறையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, தண்ணீர் தங்கக் கூடாத இடத்தில் தங்குவதால் வருகின்றன. மிச்சமுள்ளவை வெந்நீரும் கரண்டும் பூட்டும் சார்ந்தவை. பினாயில் வாசனை வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

தரை

முதலில் ஒரு சோதனை. காய்ந்த தரையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்து, இன்னும் குட்டையாக நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தரைக்கு ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் வடிகாலை நோக்கிச் சரிவு இருந்தால் குட்டையே நிற்காது. அவசரத்தில் டைல் பதித்த இடங்களில் சரிவு சுவரை நோக்கிப் போயிருக்கும். அப்படியானால் அந்த நாலைந்து டைலைப் பெயர்த்து மறுபடி பதிப்பதுதான் தீர்வு. அதுவரைக்கும் ரப்பர் பட்டை வைத்த வைப்பர் ஒன்றை ஒவ்வொரு குளியலறைக்குள்ளும் மாட்டி வைக்க வேண்டும். வெளியே பொதுவாக ஒன்று வைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பளபளக்கும் டைல் குளியலறைக்கு ஆகாது. சொரசொரப்பான டைல், அல்லது வரி போட்ட சிமெண்ட் தரை போதும். ஏற்கெனவே வழவழப்பான தரை என்றால், துளையுள்ள பிளாஸ்டிக் விரிப்புப் போடலாம். ஆனால் அதைத் தினமும் தூக்கி, அடிப்பக்கம் தேய்த்து, வெயிலில் சாய்த்து வைக்க ஆள் இருந்தால் மட்டும். தூக்காத விரிப்பின் அடியில் ஒரு வாரத்தில் வழுவழுப்பான படலம் பிடித்துவிடும், அப்போது விரிப்பே சறுக்கும். கயிற்று மிதியடி, மரச்சட்டம் இரண்டும் ஈரத்தைக் குடித்துக்கொள்பவை. அவற்றை வெளியே, கால் துடைக்கும் இடத்தில் வையுங்கள்.

பாசியைவிட வேகமாக ஆளை வீழ்த்துவது எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மலைக்கு வந்தும் விடாதவர்கள் உண்டு; அதில் தவறில்லை. ஆனால் வெறும் தண்ணீர் விட்டால் எண்ணெய் போகாது, தரை முழுக்கப் பரவத்தான் செய்யும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களைக் கடைசியாகக் குளிக்கச் சொல்லி, முடித்ததும் சோப்புத்தூளோ சீயக்காய்த் தூளோ தூவித் தேய்த்துவிட்டு வரச் சொல்வது நியாயமான விதி.

அடுத்து, வடிகால். பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் கிண்ணம் போன்ற அமைப்பு, வடிகாலின் துளை மூடியான ஜாலிக்குக் கீழே இருக்கிறது. குளியலறையில் தண்ணீர் தங்கியே ஆக வேண்டிய இடம் இது ஒன்றுதான். அதில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்றும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வார இறுதியில் மட்டும் ஆள் வரும் கேம்ப்களில், வெயில் காலத்தில் அது காய்ந்துபோகும். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பினாயில் ஊற்றினால் வாசனை மாறும், காரணம் மாறாது. ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

முடி அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு ஜாலியைக் கழற்றி வைப்பது பலருக்குப் பழக்கம். அப்போதைக்குத் தண்ணீர் இறங்கும். ஆனால் அதன் பிறகு முடியும் ஷாம்பு சாஷே மூலையும் நேராகக் குழாய்க்குள் போய், கையெட்டாத வளைவில் அடைக்கும். ஜாலியைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, மேலே சேரும் முடியை எடுக்கப் பக்கத்திலேயே மூடியுள்ள சிறு குப்பைத்தொட்டி வையுங்கள்.

சேற்றுப்புண் எப்படிப் பரவுகிறது

கால் விரலிடுக்கில் வெளுத்து, உரிந்து, அரிக்கும் சேற்றுப்புண் ஒரு பூஞ்சைத் தொற்று. உடம்பில் வட்டமாக வரும் படர்தாமரையும் இதே குடும்பம்தான். தொற்று உள்ளவரின் காலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்குகள் உதிர்கின்றன, அவற்றோடு பூஞ்சையும் தரைக்கு வருகிறது. அடுத்து வெறுங்காலோடு நிற்பவரின் விரலிடுக்கில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவுடன் நோய் வந்துவிடாது. ஈரம் போகாத விரலிடுக்கில்தான் அது வேர்பிடிக்கும். குளித்துவிட்டு ஈரக் காலோடு சாக்ஸ் மாட்டி டிரெக்கிங் ஷூவுக்குள் எட்டு மணி நேரம் பூட்டி வைப்பதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது.

அதனால் பாதுகாப்பு இரண்டே இரண்டு. ரப்பர் செருப்போடு குளிப்பது, குளித்தபின் விரலிடுக்குகளைத் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைப்பது. இரண்டில் ஒன்றை விட நேர்ந்தால் முதலாவதை விடுங்கள், துடைப்பதை விடாதீர்கள். துண்டைக் கடன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. அரிப்புக்கு என்று மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். இந்தியாவில் படர்தாமரை இன்று எளிதில் அடங்காத நோயாக மாறியிருப்பதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பிளீச்சிங் பவுடர்: அளவும் வரிசையும்

கிருமிநாசினி எதுவாக இருந்தாலும் அழுக்கின் மேல் ஊற்றினால் வீண். சோப்பு நுரையும் தோல் துணுக்கும் மண்ணும் குளோரினைத் தின்று தீர்த்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் பிளீச்சிங். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு பவுடர் கொட்டினாலும் பலன் குறைவு.

புதிதாகத் திறந்த நல்ல பிளீச்சிங் பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போட்டால் தரைக்கும் சுவருக்கும் போதுமான வீரியம் கிடைக்கும் (லிட்டருக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் குளோரின்). குத்துமதிப்பாகக் கையில் அள்ளிப் போடுவதுதான் வழக்கம்; பதிலாக ஒருமுறை சமையலறைத் தராசில் 30 கிராம் நிறுத்து, பழைய டம்ளர் ஒன்றில் கொட்டி, அந்த மட்டத்தில் பெயிண்டால் கோடு போட்டு வைத்துவிட்டால் யார் வேலைக்கு வந்தாலும் அளவு மாறாது. முதலில் ஒரு மக் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வாளியில் சேர்க்கவும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது டைலில் வெள்ளைப் படலமாகப் படிந்து, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாட்டிலில் வரும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். வெந்நீரில் கலந்தால் வீரியம் போகும், நெடியும் தாங்காது. கலந்ததை அன்றே பயன்படுத்திவிடவும். பவுடர் மூட்டையைத் திறந்தபடி விட்டால் ஈரக்காற்றில் குளோரின் பறந்துவிடும். நெடியே இல்லாத, கட்டி தட்டிய பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாமல், இரும்புச் சாமான் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். குளோரின் இரும்பை அரிக்கும்.

காலை வரிசை முடிந்ததும் செய்யும் முழுச் சுத்தம் இப்படிப் போகும். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, கையுறையும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு, முதலில் முடியையும் குப்பையையும் காய்ந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் சுவர், குழாய்ப்பிடி, தாழ்ப்பாள், வாளி, மக் என்று மேலிருந்து கீழாகத் தேய்த்து, தரையைக் கடைசியில் தேய்த்து அலச வேண்டும். தரைக்கு நீளக் கைப்பிடி பிரஷ் நல்லது. மூலைகளுக்குத் தேய்ந்த ஈர்க்குமாற்றை விஞ்ச ஒன்றுமில்லை. அலசிய தண்ணீரை வைப்பரால் தள்ளிவிட்டுப் பிளீச்சிங் நீரை ஊற்றிப் பரப்பி, பத்து நிமிடம் விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லா இடத்திலும் திருடுகிறார்கள். ஊற்றிய கையோடு அலசினால் பிளீச்சிங் வடிகாலைச் சுத்தம் செய்யும், தரையை அல்ல. பாசி பிடித்த இடம் என்றால் இருபது நிமிடம் விட்டுப் பிரஷ் போடலாம். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி, வைப்பர் இழுத்து, கதவைத் திறந்தே விட்டுவிட வேண்டும். காற்றோட்டம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேனை வாசலுக்கு வெளியே வைத்து உள்ளே காற்றடிக்கச் செய்யலாம்.

குளியலறையை முதலில், கழிப்பறையைக் கடைசியில். இரண்டுக்கும் ஒரே பிரஷ், ஒரே துணி கூடாது. நிறத்தைப் பிரித்துவிடுங்கள்: நீலம் குளியலறைக்கு, சிவப்பு கழிப்பறைக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

இனி, உயிர்போகும் தவறு ஒன்று. பிளீச்சிங்கோடு டாய்லெட் கிளீனரையோ டைல் கழுவும் ஆசிட்டையோ சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் அது நுரையீரலைப் பொசுக்கும். அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். கண் எரிந்து இருமல் வந்தால் வாளியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் அலசிவிட நினைக்காதீர்கள். பாதுகாப்பான வழி, ஆசிட்டைக் கேம்ப்புக்குள் வாங்காமலே இருப்பது. ஆசிட் டைல் இடுக்கின் சிமெண்ட்டை அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் அடுத்த மாதம் இன்னும் அதிகமாகக் கறுப்புப் பிடிக்கும். உப்புக் கறைக்கு வினிகரோ எலுமிச்சை உப்புக் கரைசலோ போதும், அதுவும் பிளீச்சிங் போடாத நாளில்.

யாராவது வாந்தி எடுத்திருந்தாலோ வயிற்றுப்போக்கு ஆகியிருந்தாலோ அந்த அறையைப் பூட்டிவிட்டு, பழைய செய்தித்தாளால் அள்ளி அப்புறப்படுத்தி, கழுவி, பிறகு ஐந்து மடங்கு வீரியத்தில் (10 லிட்டருக்கு 150 கிராம்) பிளீச்சிங் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.

குழாய்க்குள் நிற்கும் தண்ணீர்

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் ஒரு ஹோட்டலில் மாநாடு நடத்தியது. வந்தவர்கள் வரிசையாகக் கடும் நிமோனியாவில் விழுந்தார்கள். முப்பதுக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயராலேயே அதற்கு லீஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

இது தண்ணீரில் வாழும் கிருமி. குடிப்பதால் பொதுவாக வருவதில்லை. கிருமி உள்ள நீரின் நுண்துளிகளை மூச்சோடு இழுக்கும்போது நுரையீரலுக்குள் போகிறது. ஷவரிலிருந்து கிளம்பும் பனி போன்ற துளி அதற்கு ஏற்ற வாகனம். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும். தேங்கிய நீர், துரு, உப்புப் படிவு, வழுவழுப் படலம் இருந்தால் இன்னும் பிடிக்கும். 60 டிகிரியில் அது தாக்குப்பிடிக்காது. வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். வாளிக் குளியலில் துளி பறப்பது குறைவு என்பதால் அந்த வகையில் நம் மக்கும் வாளியும் ஷவரைவிடப் பாதுகாப்பு.

ஷவர் வைத்த கேம்ப் என்றால் கவனிக்க வேண்டியது ஆளில்லாத நாட்கள். திங்கள் முதல் வெள்ளி வரை குழாயில் நின்ற தண்ணீரை வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு குழாயிலும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு வெளியேற்ற வேண்டும், வெந்நீர்க் குழாயையும் சேர்த்து. ஷவர் தலையைத் துணியால் சுற்றி, துணியின் நுனியைத் தரையில் தொங்கவிட்டால் துளி தெறிக்காமல் வழிந்து இறங்கும். திறந்துவிட்டு வெளியே வந்து நின்றுகொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷவர் தலையைக் கழற்றி, வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்து, துளைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசியபின் பிளீச்சிங் நீரில் பத்து நிமிடம் போட்டு, மறுபடி அலசி மாட்ட வேண்டும். பழைய இணைப்பை மூடியடைத்து அப்படியே விட்ட குழாய்த்துண்டு ஏதும் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். அதற்குள் நிற்கும் தண்ணீர் ஒருநாளும் நகராது.

மேல்தொட்டிக்கு மூடி வேண்டும், அதில் கொசுவலை வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுதான் டெங்குவைப் பரப்புகிறது; முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். கேம்ப் காலியாகும் ஒவ்வொரு ஞாயிறும் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது, எந்தப் புகை மருந்தையும்விட மலிவான கொசுக் கட்டுப்பாடு.

வெந்நீர்

மேலே சொன்ன 60 டிகிரியில் ஒரு சிக்கல் உண்டு. கிருமிக்கு ஆகாத அந்தச் சூடு தோலுக்கும் ஆகாது. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து வினாடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாகப் பொசுக்கும். 55 டிகிரியில் அரை நிமிடம். 49 டிகிரியில் சில நிமிடங்கள். குழந்தைகளுக்கு இதைவிடக் குறைந்த நேரம் போதும். வெயிலடிக்கும் மதியத்தில் சோலார் ஹீட்டர் 70 டிகிரியைத் தாண்டுவதும் சகஜம். அதனால் தொட்டியில் சூடாகவே வைத்திருக்க வேண்டும், குளிக்கும் இடத்தில் விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஷவருக்குத் தானாகக் கலக்கும் தெர்மோஸ்டாட் வால்வு கிடைக்கிறது. காசு செலவழிக்க வேண்டிய ஓர் இடம் உண்டென்றால் இதுதான்.

வாளிக்கு விதி எளிது: முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். வெந்நீரை முதலில் பிடித்து வைத்துவிட்டுக் குழாய் மாற்றுவதற்குள் குழந்தை அதில் கையை விட்டுவிடும். 70 டிகிரி வெந்நீரும் மலையின் 18 டிகிரிப் பச்சைத் தண்ணீரும் என்றால், 20 லிட்டர் வாளியில் பாதிக்குச் சற்று மேல், அதாவது பதினொன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர், எட்டரை லிட்டர் வெந்நீர். வாளிக்குள் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் வெந்நீரும் மிச்சம். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் ஊற்றுங்கள்.

கேஸ் கீசரைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடிய சின்ன அறையில் சமையல் எரிவாயு எரியும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு மயக்கம். தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் மயங்கியவரை வெளியே இருப்பவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். குளியலறைக்குள் இருந்த கேஸ் கீசரால் இறந்துபோனவர்களின் செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாளிதழில் வருகின்றன. கீசரும் சிலிண்டரும் வெளிச்சுவரில், திறந்தவெளியில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். விறகு பாய்லருக்கும் இதே விதி. குளிர் அடிக்கிறதென்று காற்றுத் துளையில் துணி அடைப்பவர்களைப் பார்த்தால் விடாதீர்கள்.

மின்சாரக் கீசர் என்றால் எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், அன்றே மாற்றுங்கள். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுகிறதென்று அதை மூடியடைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேறும் வழி அதுதான். வாட்டர் ஹீட்டர் கம்பியைக் கேம்ப்பில் அனுமதிக்கவே வேண்டாம். ஈரத் தரை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தூக்கக் கலக்கத்தில் சூடு பார்க்க விரலை விடும் மனிதர் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான்.

கதவு, விளக்கு, தாழ்ப்பாள்

கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே வழுக்கி விழுந்தவர் உள்பக்கம் திறக்கும் கதவில் சாய்ந்து கிடந்தால், உதவிக்கு வருபவர்கள் கதவை அவர் மேலேயே தள்ள வேண்டியிருக்கும். தாழ்ப்பாள் உள்ளிருந்து பூட்டுவதாகவும், அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாகவும் கிடைக்கிறது. சாவியோ நாணயமோ பொறுப்பாளர் கையில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் உள்ளிருப்பவரைத் தட்டிக் கூப்பிடுவதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பெண்கள் பகுதிக்குத் தனி வாசல், டெண்டிலிருந்து அதுவரை விளக்கு. ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே, வலை அடித்து. குளிக்கும் அறைக்குள் பிளக் பாயிண்டே இருக்கக் கூடாது. கரண்ட் காரணமாக மட்டுமல்ல, சார்ஜர் வடிவில் வைக்கும் ரகசியக் கேமராவுக்கு இடம் கொடுக்காமல் இருக்கவும்தான். தேவையில்லாத கொக்கி, டப்பா, அலங்காரம் எதுவுமில்லாத மொட்டைச் சுவர் என்றால் புதிதாக ஒன்று முளைத்தாலே கண்ணில் படும். அப்படி எதையாவது கண்டால் கழற்றாமல், தொடாமல், அறையைப் பூட்டிவிட்டு 112க்குப் பேசுங்கள். பெண்ணை அவர் அறியாமல் இப்படிப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கதவுக்கு அடியிலும் வடிகாலிலும் இடைவெளி அதிகமிருந்தால் மழைக்காலத்தில் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். கதவின் கீழ் விளிம்பில் ரப்பர் பட்டை, கழிவுநீர்க் குழாயின் வெளிமுனையில் வலை. இரவில் விளக்கைப் போட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

வெளியேறும் தண்ணீர்

முப்பது பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்றால் காலையில் மட்டும் 600 லிட்டர். ஷவர் என்றால் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் போகும், ஐந்து நிமிடம் நின்றாலே இரண்டு வாளியாவது போகும். இதை ஓடையில் விடக் கூடாது, எவ்வளவு 'இயற்கை' சோப்பாக இருந்தாலும்; சோப்பு சிதைவதற்கு மண் வேண்டும், ஓடும் தண்ணீர் போதாது. ஒரு மீட்டர் நீள அகல ஆழத்தில் உறிஞ்சுகுழி வெட்டி, அடியில் பெரிய கல், நடுவில் சிறிய கல், மேலே மணல் என்று நிரப்பி, குழாயின் வாயில் முடியும் நுரையும் தங்க ஒரு சிறு தொட்டி கட்டுங்கள். கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர், ஓடையிலிருந்து அதைவிட நன்றாகத் தள்ளி. களிமண் நிலத்தில் ஒரு குழி தாங்காது. வெட்டிய குழியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, அடுத்த நாளும் நின்றால் இரண்டாவது குழிக்கு இடம் பார்க்க வேண்டியதுதான். சுற்றிலும் கல்வாழையோ வாழையோ நட்டால் மிச்ச ஈரத்தை அவை குடித்துக்கொள்ளும். சிறு தொட்டியின் சல்லடையை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் கல் இடுக்குகள் அடைத்து, குழி முழுவதையும் தோண்டிக் கழுவ வேண்டிவரும்.

குளிக்கப் போகிறவர் செய்ய வேண்டியது

செருப்பு, துண்டு, மாற்றுத்துணி, சோப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொக்கியில் மாட்டுங்கள். தரையில் எதையும் வைக்காதீர்கள். ஷாம்பு சாஷே, பிளேடு, நாப்கின் ஆகியவை வடிகாலுக்கும் கழிப்பறைக்கும் போகக் கூடாது. நாப்கினைத் தாளில் சுற்றி மூடியுள்ள தொட்டியிலும், பிளேடை வெளியே வைத்திருக்கும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலிலும் போடுங்கள். துணி துவைக்க வேறு இடம் கேளுங்கள். காலில் புண்ணோ சேற்றுப்புண்ணோ இருந்தால் கடைசியாகக் குளிப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

முடித்ததும் ஜாலி மேலுள்ள முடியை எடுத்துத் தொட்டியில் போட்டு, இரண்டு மக் தண்ணீரைத் தரையில் வீசி நுரையைத் தள்ளி, வைப்பரை நாலு இழுப்பு இழுத்து, வாளியைக் கவிழ்த்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்தபடி விட்டு வெளியே வாருங்கள். ஒன்றரை நிமிடம் ஆகும். பொறுப்பாளர்கள் இதை ஐந்து வரியில் எழுதிக் கதவின் உள்பக்கம், தாழ்ப்பாளுக்கு மேலே, கண் மட்டத்தில் ஒட்டட்டும். வெளிப்பக்கம் ஒட்டினால் வரிசையில் நிற்பவர்கள் படித்துவிட்டு உள்ளே போனதும் மறந்துவிடுவார்கள். அதன் கீழே, கடைசியாக யார் எத்தனை மணிக்குச் சுத்தம் செய்தார் என்று எழுத ஒரு கட்டமும், சொட்டும் குழாய், உடைந்த கொக்கி பற்றி எழுத நூலில் கட்டிய ஒரு பென்சிலும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவிவிடும்.